ஜிப்சி ஸ்டீயரிங் ஆட்டம்: கிங்பின் பேரிங்கை வீட்டிலேயே மாற்றியவர்கள் உண்டா?

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 1998 மாருதி ஜிப்சி கிங், 1.3 லிட்டர் கார்புரேட்டர் வண்டி. ஈசிஆரில் 60 கி.மீ. வேகத்தைத் தொடும்போது முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்தால் போதும், ஸ்டீயரிங் கையில் நிற்காமல் படபடவென்று ஆட ஆரம்பித்து, நன்றாக வேகத்தைக் குறைத்தால்தான் அடங்குகிறது. வீல் பேலன்ஸ் பார்த்தாயிற்று, டயர்களை இடம் மாற்றியாயிற்று, பயனில்லை. தெருமுனை மெக்கானிக் ஸ்டீயரிங் டேம்பரை (ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர் போன்ற பாகம்) மாற்றச் சொல்கிறார். அது ஆட்டத்தை மறைக்குமே தவிர காரணத்தைத் தீர்க்காது.

ஜாக்கியில் தூக்கி, இடது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் லொடலொடக்கிறது. தம்பியை பிரேக் மிதிக்கச் சொல்லி அசைத்தாலும் அப்படியேதான். வீல் பேரிங்காக இருந்தால் பிரேக் பிடித்ததும் ஆட்டம் குறைந்திருக்கும், அதனால் அதை விட்டுவிட்டு கிங்பின் பேரிங்கைத்தான் (முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சில் உள்ள பேரிங்) சந்தேகிக்கிறேன். நக்கிளுக்கு (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) பின்னால் உள்ள சீல் கிழிந்து, கிரீஸ் தண்ணீரோடு கலந்து பால் டீ நிறத்தில் வழிகிறது. வேளச்சேரி மழையில் ஓடுகிற வண்டிக்கு வேறென்ன ஆகும்!

இப்போது கேள்விகள். புதுப்பேட்டையில் பேரிங், சீல், ஷிம் (இறுக்கத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) மூன்றும் நல்ல தரத்தில் எந்தப் பக்கம் கிடைக்கும்? பழைய ஷிம்மையே திரும்பப் போடலாமா, இல்லை கொக்கித் தராசால் நக்கிளை இழுத்துப் பார்த்து இறுக்கத்தைச் சரிசெய்யத்தான் வேண்டுமா? அப்படிச் செய்தவர்கள் எத்தனை கிலோவில் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் பழைய பேரிங் கப் (பேரிங்கின் வெளி வளையம்), சுத்தியலும் பித்தளைக் கம்பியும் வைத்துத் தட்டினாலே வந்துவிடுமா, அதை இழுத்தெடுக்கும் புல்லர் வாங்க வேண்டுமா? லீஃப் ஸ்பிரிங் புஷ்ஷையும் சேர்த்து மாற்றிவிடலாமா என்றும் யோசனை. படம் இருந்தால் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கழற்றப்போகிறேன்.