புதுப்பிப்பு: பூஞ்சணம் பிடித்த அந்தச் சாகச விளையாட்டுப் புத்தகங்கள்

மார்கழியில் இங்கே கேட்டிருந்தேன்: லண்டன் மாமா அனுப்பிய பெட்டியில் 1980களின் சாகச விளையாட்டுப் புத்தகங்கள் ஆறு, எல்லாவற்றிலும் பூஞ்சணம், வெயிலில் காயவைக்கலாமா என்று.

வைக்கவில்லை. யாழ்ப்பாண வெயில் அட்டையின் நிறத்தைத் தின்றுவிடும் என்று எச்சரித்தவர்களுக்கு நன்றி. விறாந்தையில், நிழலில், பக்கங்களை விரித்துக் காற்றாட வைத்தேன். நன்றாக உலர்ந்த பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, முற்றத்தில் வைத்து மெல்லிய தூரிகையால் துடைத்தேன். ஐந்து தப்பிவிட்டன. ஒன்றின் பக்கங்கள் ஒட்டிக் கிழிந்துவிட்டன.

தப்பியவற்றில் என் உயிர், ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதி 1982இல் வந்த ‘தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்’. மொத்தம் 400 பத்திகள். ஒவ்வொன்றிலும் நாம் எடுக்கும் முடிவுதான் அடுத்து எந்த எண்ணுக்குப் போவது என்று சொல்லும். சண்டைக்கு இரண்டு தாயக்கட்டை, ஒரு பென்சில், அவ்வளவுதான்.

முன்பக்கத்தில், நம் வீரனின் புள்ளிகளை எழுதிவைக்கும் வீரர் தாளில் மாமாவின் சிறுவயதுக் கையெழுத்து! திறன் 12, அதிர்ஷ்டம் 12. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டையை மட்டும் உருட்டி, விழும் எண்ணோடு 6 கூட்டவேண்டும். ஆக இரண்டு தடவையும் ஆறே விழுந்திருக்கிறது. தொலைபேசியில் கேட்டேன். “உண்மையா விழுந்ததடா” என்கிறார்.

எழுத்து இருந்தால் சேகரிப்பாளர்களிடம் விலை குறையும் என்று ஒருவர் அழிக்கச் சொல்லியிருந்தார். அழிக்க மாட்டேன். விற்கும் எண்ணமே இல்லை. எனக்கு அந்தப் பென்சில் கோடுகள்தான் புத்தகத்தின் பாதி.

அக்காவின் மகன் இப்போது தனித்தாளில் தன் வீரனை எழுதி வைத்திருக்கிறான். திறன் 8. நேற்று இரவு கதையில் வரும் ஆற்றைக் கடந்துவிட்டான்.