ராத்திரி போன், பகலில் மங்கல்: மாணவர் கண்ணில் பார்த்தவை

கண் பரிசோதகர், மஞ்சக்குப்பம்:
பொதுத்தேர்வு நெருங்கினால் புகார் ஒன்றுதான்: "போர்டு மங்கலா தெரியுது, சாயங்காலம் ஆனா இன்னும் மோசம்." கம்ப்யூட்டர் டெஸ்டில் உட்கார வைத்தால் மெஷின் மைனஸ் 1.50 (கிட்டப்பார்வைப் பவர்) என்று காட்டும். அதை அப்படியே எழுதிக் கண்ணாடி போட்டுவிடக் கூடாது. போனை 20 செ.மீ. தள்ளிப் பிடித்தால் கண்ணுக்குள் ஃபோகஸை மாற்றும் சிலியரி தசை 5 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) அளவுக்கு உழைக்கணும், 40 செ.மீ. என்றால் அதில் பாதி போதும். மணிக்கணக்கில் இறுகிய தசை, தூரத்தைப் பார்க்கும்போதும் முழுசாகத் தளராது. அதுதான் பொய்ப் பவர். அந்தத் தசையைத் தளர்த்தும் சைக்ளோபென்டோலேட் சொட்டு விட்டு முக்கால் மணி கழித்துப் பார்த்தால் சிலருக்கு மைனஸ் 0.25க்கு இறங்கிவிடும். சொட்டு விட்டபின் ஒரு நாள் வரை கிட்டத்து எழுத்து கலங்கும், வெயில் கூசும். மறுநாள் பரீட்சை இருந்தால் வேண்டாம். வேறு நாள் பார்த்து, முந்தின ராத்திரி நன்றாகத் தூங்கவைத்துக் காலையில் கூட்டி வாருங்கள். தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போவதென்றாலும் அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் கடை, நேரு வீதி:
திரையின் நீல ஒளியைத் தடுக்கும் ப்ளூ கட் லென்ஸ் கேட்காத பெற்றோர் இல்லை. விற்கிறவனே சொல்கிறேன், கண் களைப்புக்காக அதை வாங்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பில் சாதாரண லென்ஸைவிடப் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. அந்தக் காசை ஃபிரேமில் போடுங்கள்.

பிள்ளையின் கண்ணாடியை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். ஒரு காது தூக்கிக்கொண்டு நின்றால், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் போன் பார்க்கிறான் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். கோணலான ஃபிரேமில் லென்ஸின் மையம் கண்மணியை விட்டு விலகும், தலைவலி வரும். ஃபிரேமை நிமிர்த்தாமல் பவரை மாற்றி என்ன பயன்? "கொஞ்சம் குறைச்சுப் போடுங்க, ஏறாம இருக்கும்" என்பதும் வேண்டாம். குறைத்துப் போட்டால் பவர் ஏறுவது நிற்காது.

உடற்கல்வி ஆசிரியர், லாஸ்பேட்டை:
பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவதையும் பவர் ஏறும் காரணங்களில் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு)தான். வெளியே மர நிழலிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்து, பவர் ஏறக் காரணமான விழிக்கோளம் நீளுவதை மட்டுப்படுத்துகிறது என்பதுதான் இப்போதைய விளக்கம். தினம் 2 மணி நேரம் வேண்டும், துண்டு துண்டாக இருந்தாலும் சரி. இருட்டிய பிறகு பீச் ரோட்டில் நடப்பது இந்தக் கணக்கில் வராது. இன்னும் பவர் வராத பிள்ளைக்குத்தான் இதில் ஆதாயம் அதிகம்.

கண் பரிசோதகர், மஞ்சக்குப்பம்:
தூக்கம் குறைந்தால் நேராகப் பவர் ஏறுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆனால் ராத்திரி வெளிச்சம், தூக்கம் வரவைக்கும் மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும். தாமதமாக எழுகிற பிள்ளைக்குக் காலை வெயிலும் போச்சு. திரையைப் பார்க்கையில் இமைப்பதும் குறைவதால் எரிச்சல். 13 வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். படுக்க ஒரு மணி நேரம் முன்பே சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள். "நோட்ஸ் போன்லதான் இருக்கு" என்றால் பிடிஎஃப்பை ஏ4இல் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள், ரொம்பச் செலவாகாது.

வீட்டில் பார்க்க, தினசரிக் காலண்டரை மாட்டி 20 அடி தள்ளி நிறுத்துங்கள். ஒரு கண்ணை அழுத்தாமல் உள்ளங்கையால் மூடி, தேதிக்குக் கீழே உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு சீராக இல்லாததற்கான பவர்) அடிக்கடி மாறி, பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தால் கருவிழியின் வடிவத்தை அளக்கும் டோபோகிராபி எடுக்கக் கேளுங்கள்.