எட்டுக்கு எட்டுப் பலகையும் நான்கு மாலைகளும்

என் தங்கையின் மகள் தரம் 7 இல் படித்துக்கொண்டிருந்தபோது நான் அவளுக்குக் கொடுத்த முதலாவது போட்டிக் கணக்கை நானே கெடுத்துவிட்டேன். கணக்கு மிகவும் சிறியது. ஒருவர் கொழும்பிலிருந்து கண்டிக்கு மணிக்கு 30 கிலோமீற்றர் சராசரிக் கதியில் போகிறார். அதே வழியால் மணிக்கு 60 கிலோமீற்றர் சராசரிக் கதியில் திரும்பி வருகிறார். முழுப் பயணத்தினதும் சராசரிக் கதி என்ன? அவள் அரை நிமிடத்தில் 45 என்று எழுதினாள். பிழை என்று சொன்ன நான் அதோடு நின்றிருக்க வேண்டும். பேனையை வாங்கி, தூரத்தை 120 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள், போக நான்கு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம், 240 ஐ 6 ஆல் வகுத்தால் 40 என்று முழுவதையும் எழுதிக் காட்டினேன். "ஓம் மாமா, விளங்குது" என்றாள், கொப்பியை மூடினாள். ஒரு கிழமை கழித்து அதே கணக்கை 40, 60 என்ற எண்களோடு கொடுத்தபோது, வரவேண்டிய 48 க்குப் பதிலாக மீண்டும் அரை நிமிடத்தில் 50 என்று எழுதினாள்.

அந்த 50 என்னை நெடுநாள் உறுத்தியது. நான் காட்டிய வழி சரியானது, அவளும் கெட்டிக்காரப் பிள்ளை. ஆயினும் குறைந்த கதியில் போகும்போது வீதியில் கழியும் நேரம் கூடுதலாக இருப்பதால் அந்தக் கதிக்கே நிறை அதிகம் என்ற எண்ணம் அவளுடைய தலைக்குள் பிறக்கவேயில்லை. அது பிறப்பதற்கு வேண்டிய அவகாசத்தை நான் கொடுக்கவில்லை.

2022 மார்ச் மாதத்தைக் கொழும்பில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டிருந்தன. வெள்ளவத்தையில் தங்கையின் வீடு எனக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்தபடியால் மாலையில் நடந்து போய் வருவேன். தொலைக்காட்சியும் இல்லை, இணையமும் சீராக இல்லை, பயிற்சித்தாள் அச்சிட்டுக் கொடுக்கவும் வழியில்லை. தாள் தேவைப்படாத ஒரு கணக்கு வேண்டியிருந்தது.

சதுரங்கப் பலகையில் 64 பெட்டிகள். ஒன்றுக்கொன்று எதிரான இரு மூலைப் பெட்டிகளை நீக்கிவிட்டால் 62 மிஞ்சும். ஒவ்வொன்றும் இரண்டு பெட்டிகளை மூடும் 31 துண்டுகளால் மிகுதிப் பலகை முழுவதையும், ஒன்றன்மேல் ஒன்று படாமல், மூடிவிட முடியுமா? மக்ஸ் பிளாக் என்ற தத்துவவியலாளர் 1946 இல் முன்வைத்த இந்தப் புதிர் இன்று உலகெங்கும் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கொடுக்கப்படுகிறது. விசுக்கோத்துப் பெட்டியின் அட்டையை வெட்டி அவளே 31 துண்டுகளைச் செய்தாள். நீக்கப்பட்ட இரு கறுப்பு மூலைகளின் மேலும் இரண்டு ரூபாய்க் குற்றிகளை வைத்தோம். இம்முறை வாய் திறப்பதில்லை என்று நான் எனக்குள் முடிவெடுத்திருந்தேன்.

முதல் மாலை அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. 62 ஐ 2 ஆல் வகுத்தால் 31, ஆகவே கட்டாயம் முடியும் என்றாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒன்பதோ பத்தோ தடவை அடுக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கடைசித் துண்டு கையிலேயே நின்றது. இரண்டாம் மாலை, மூலையிலிருந்து தொடங்கினால் சரிவரும், ஓரத்தை முதலில் முடித்தால் சரிவரும் என்று முறைகளை மாற்றினாள். அன்றைக்குக் கண்ணில் நீர் முட்டியது. தங்கை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "அண்ணா, பிள்ளையைப் போட்டு வதைக்காமல் சொல்லிக் குடுங்கோ" என்றாள். சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். வீட்டில் ஒரு பிள்ளை தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது நமக்குப் பழக்கமில்லாத காரியம். அது அன்பின்மை போலத் தோன்றுகிறது. ஆயினும் நான், நாளைக்குப் பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மூன்றாம் மாலை நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் ஓடி வந்தாள். "மாமா, கடைசியா மிஞ்சுற ரெண்டு பெட்டியும் எப்பவும் வெள்ளைதான்." எப்போதுமா என்று மட்டும் கேட்டேன். அன்று முழுவதும் அவள் பலகையை மூடப் பாடுபடவில்லை. வேண்டுமென்றே பலவிதமாகத் தோற்றுப் பார்த்து, ஒவ்வொரு தோல்வியிலும் மிஞ்சிய நிறத்தைப் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்துக்கொண்டிருந்தாள். ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை விடையைத் தேடுவதை நிறுத்திக் காரணத்தைத் தேடத் தொடங்கியதை நான் கண்ணாரக் கண்டது அன்றுதான்.

நான்காம் மாலை அதே நாட்காட்டித் தாளில் மூன்று வரிகள் இருந்தன. ஒரு துண்டு எங்கே வைத்தாலும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மூடும். 31 துண்டுகளுக்கு 31 கறுப்பும் 31 வெள்ளையும் வேண்டும். மாமா எடுத்த இரண்டும் கறுப்பு, ஆகவே 30 கறுப்பும் 32 வெள்ளையும்தான் இருக்கின்றன, ஏலாது. அவள் எழுதிய "ஏலாது" என்ற அந்தச் சொல் முடியவில்லை என்ற பொருளில் இல்லை. எவராலும் எக்காலத்திலும் முடியாது என்ற பொருளில் இருந்தது. நிறுவல் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் காண்பதற்கு முன்பே அவள் ஒரு நிறுவலை எழுதிவிட்டாள்.

உடனே அடுத்த கேள்வியும் அவளிடமிருந்தே வந்தது. ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் எடுத்திருந்தால், எங்கிருந்து எடுத்தாலும் முடியுமா? எனக்கு விடை தெரியாது. அதை அவளிடம் ஒளிக்கவும் இல்லை. ரால்ப் கோமரி என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் அதற்கு எப்போதும் முடியும் என்று மிக அழகாக நிறுவியிருப்பதைப் பிறகு வாசித்து அறிந்தேன். ஒற்றை இழையில் கோலம் போடுவதைப்போல, எல்லாப் பெட்டிகளுக்கும் ஒருமுறை மட்டும் போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் ஒரு பாதையைப் பலகையில் வரைந்து பார் என்று மட்டும் அவளுக்குச் சொன்னேன். பாதையில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவதால், வெவ்வேறு நிறப் பெட்டிகள் இரண்டை நீக்கும்போது எஞ்சும் பாதைத் துண்டம் ஒவ்வொன்றிலும் எப்போதும் இரட்டை எண்ணிக்கையான பெட்டிகளே இருக்கும் என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு கிழமைக்கு மேல் பிடித்தது.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளின் பெற்றோர் பலர் போட்டிக் கணிதம் என்றாலே வேகம் என்று கருதுகின்றார்கள். அமெரிக்காவில் எட்டாம் வகுப்பும் அதற்குக் கீழும் படிக்கும் மாணவர்களுக்கு நடத்தப்படும் ஏஎம்சி 8 போட்டியில் 40 நிமிடத்தில் 25 வினாக்கள். வினாவொன்றுக்கு 96 விநாடிகள். அதைப் பார்த்தால் அப்படி எண்ணத்தான் தோன்றும். ஆனால் 1959 இல் ருமேனியாவில் தொடங்கிய சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டில், நம் நாட்டுப் பிள்ளைகளும் பங்கேற்கும் அந்தப் போட்டியில், ஒரு நாளைக்கு நாலரை மணித்தியாலத்தில் மூன்றே மூன்று கணக்குகள். கணக்கொன்றுக்குத் தொண்ணூறு நிமிடம். 96 விநாடியில் விடை எழுதப் பழகிய பிள்ளைக்குத் தொண்ணூறு நிமிடம் ஒரு கணக்கோடு தனித்திருக்கும் மனம் தானாக வந்துவிடாது. அதை இந்த வயதிலேயே, தோற்கக்கூடிய கணக்குகளைக் கொடுத்து, தோற்க விட்டுத்தான் பழக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

*

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதுவது:

ஐயா எழுதியதை வாசித்தபோது என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. அது கணக்கு அல்ல, வினாவின் தமிழ்.

இழுப்பறை ஒன்றில் ஆறு வெள்ளைக் காலுறைகளும் ஆறு கறுப்புக் காலுறைகளும் கலந்து கிடக்கின்றன. ஒரே நிறச் சோடியொன்றைப் பெற ஆகக் குறைந்தது எத்தனை காலுறைகளை எடுக்க வேண்டும் என்று தரம் 8 பிள்ளைகளிடம் கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் இரண்டு என்றார்கள். அவர்களில் ஒருவரும் சிந்திக்காமல் சொல்லவில்லை. "ஆகக் குறைந்தது" என்றால் அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டே போதும்தானே, மிஸ், என்று ஒரு மாணவி விளக்கமும் தந்தாள். நான் எழுதிய வாக்கியத்தின்படி அவள் சொன்னது முற்றிலும் நியாயமானது. பிழை என் வினாவில் இருந்தது. வேற்றுமொழித் தாள்களிலிருந்து கணக்கை எடுக்கும்போது, எது நடந்தாலும் நிச்சயமாக என்ற கருத்தை நாம் விட்டுவிடுகிறோம்; பிள்ளை பிழை விடுகிறது.

வினாவை மாற்றி எழுதினேன். மின்சாரம் இல்லை, இருட்டில் கையை விட்டு எடுக்கிறாய், நிறம் தெரியாது. எத்தனையை எடுத்தால், உனக்கு எவ்வளவு துரதிர்ஷ்டம் இருந்தாலும், ஒரே நிறத்தில் ஒரு சோடி கட்டாயம் இருக்கும்? அதே மாணவி, மூன்று என்று உடனே சொன்னாள். ஜேர்மன் கணிதவியலாளர் டிரிஷ்லே 1834 இல் பயன்படுத்திய கோட்பாடு இது. அவர் இதற்கு வைத்த பெயரும் இழுப்பறையைக் கொண்டுதான் அமைந்தது. கூடுகளைவிடப் புறாக்கள் கூடுதலாக இருந்தால் ஏதாவது ஒரு கூட்டில் இரண்டாவது இருந்தே ஆகவேண்டும் என்பதால், புறாக்கூட்டுக் கோட்பாடு என்பது பிறகு பரவிய பெயர்.

அன்று வகுப்பில் 38 பேர் இருந்தார்கள். உங்களில் குறைந்தது நான்கு பேராவது ஒரே மாதத்தில் பிறந்திருக்கிறீர்கள், பெயர்ப்பதிவைப் பார்க்காமலே சொல்கிறேன் என்றேன். மாதத்துக்கு மூன்று பேர் வீதம் வைத்தாலும் 36 பேர்தான். மிகுதி இருவர் எங்காவது போயாக வேண்டும். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, எங்கள் வகுப்பில் பெப்ரவரியில் ஒருவரும் பிறக்கவில்லை, ஆகவே மிஸ் சொன்ன கணக்குப் பிழைக்கும் என்றான். நான் மறுமொழி சொல்லவில்லை. சற்று நேரம் நின்றுகொண்டிருந்தவன், "இல்லை மிஸ், ஒரு கூடு குறைஞ்சா மற்றக் கூடுகள் இன்னும் நெருக்கமாகும்" என்று தானே சொல்லிவிட்டு அமர்ந்தான். இருபத்தோராண்டு கற்பித்தலில் என் மனத்தில் நிற்கும் நிமிடங்களில் அதுவும் ஒன்று.

*

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தகப்பன்:

என் மகனைப் போட்டிக் கணிதத்துக்கென ஒரு தனியார் வகுப்பில் சேர்த்திருந்தோம். அங்கே குறுக்குவழிச் சூத்திரங்களைத் தாளில் அடித்துக் கொடுத்து மனனம் செய்யச் சொல்வார்கள். 41 பேர் பங்குபற்றும் கரம் போட்டியில், தோற்றவர் வெளியேறும் முறையில், மொத்தம் எத்தனை ஆட்டங்கள் என்றால் "ஒன்றைக் கழி, 40" என்று மகன் சொல்வான். விடை சரிதான், சுற்றுச் சுற்றாகக் கூட்டினாலும் 20, 10, 5, 3, 1, 1 என்று 40 தான் வரும். இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற வேண்டும் என்று வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு நாள் கேட்டேன். அதற்கும் 40 என்றான்.

ஏன் ஒன்றைக் கழிக்கிறோம் என்று கேட்டதற்கு, தாளில் அப்படித்தான் இருக்கிறது என்றான். அன்றிரவு சாப்பாட்டு மேசையிலேயே மிளகாயையும் வெங்காயத்தையும் ஆட்டக்காரர்களாக வைத்து விளையாடினோம். ஓர் ஆட்டம் ஒரு தோல்வியைத்தான் உண்டாக்கும், ஆகவே ஆட்டங்களை எண்ணுவதை விடத் தோல்விகளை எண்ணலாம் என்று அவன் கண்டுபிடித்த பிறகு, இரண்டு தோல்விக் கணக்குக்கு 80 அல்லது 81 என்று அவனே வந்தான். வென்றவரும் ஒருமுறை தோற்றிருக்கலாம் என்பதால் இரண்டு விடைகள் வருவதை அவன்தான் எனக்குச் சொன்னான். அடுத்த மாதம் வகுப்பை நிறுத்திவிட்டோம். நாங்கள் செய்தது சரியா, எத்தனை நாள் வரை உதவாமல் பொறுத்திருக்கலாம் என்று முதலில் எழுதியவரிடம் கேட்க விரும்புகிறேன்.

*

முதலில் எழுதியவரின் மறுமொழி:

நாட்கணக்கு ஒன்றை என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஓர் அடையாளம் எனக்குப் புலப்பட்டிருக்கிறது. பிள்ளை தோற்றாலும் ஒவ்வொரு முறையும் வேறு விதமாகத் தோற்றுக்கொண்டிருந்தால் நான் தலையிடுவதில்லை. ஒரே வழியில் மூன்றாம் முறையும் போய் முட்டினால் மட்டும், விடையை நோக்கிக் கைகாட்டாமல், ஏற்கெனவே செய்ததைத் திரும்பிப் பார்க்க வைக்கும் ஒரு கேள்வியைக் கேட்கிறேன்: என்ன மிஞ்சியது? எதை எண்ணினாய்? எண்களைச் சிறிதாக்கினால் என்ன நடக்கும்? சதுரங்கப் பலகை பெரிதாக இருந்தால் நாலுக்கு நாலு பலகையில் தொடங்கச் சொல்லலாம். அதற்குமேல் சொல்வது பிள்ளையின் பங்கை எடுத்துக்கொள்வதாகும்.

ஆசிரியை சொன்னதையும் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சராசரிக் கதிக் கணக்கில் "முழுப் பயணத்தினதும் சராசரிக் கதி" என்று எழுதியதற்குப் பதிலாக, மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தில் கடந்த கதி என்று எழுதியிருந்தால் அவள் 45 என்று எழுதியிருக்க மாட்டாளோ என்னவோ. அப்படி எழுதினால் கணக்கின் பாதி வினாவிலேயே அவிழ்ந்துவிடும் என்பதால் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

தங்கையின் மகள் இப்போது சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள். அவளுடைய தம்பி தரம் 7 க்கு வந்திருக்கிறான். அதே பலகைக் கணக்கைக் கொடுக்கலாம் என்றால் விடை வீட்டிலேயே இருக்கிறது. ஆகவே அவனுக்காக அவளே வேறொன்றைத் தெரிவுசெய்தாள். பத்துக்குப் பத்தாக 100 பெட்டிகள் உள்ள பலகை. ஒரு பெட்டியையும் நீக்கவில்லை. நான்கு பெட்டிகளை ஒரே நேர்கோட்டில் மூடும் நீளத் துண்டுகள் 25. முழுப் பலகையையும் மூட முடியுமா? கறுப்பு வெள்ளை நிறங்கள் இரண்டும் ஆளுக்கு ஐம்பதாக இருப்பதால் அக்காவின் பழைய வழி இதற்கு உதவாது. அவன் நேற்று இரண்டாம் நாளில் இருந்தான். இங்கே விடை தெரிந்தவர்கள் தயவுசெய்து அதைக் கீழே எழுத வேண்டாம். அவன் அம்மாவின் கைபேசியில் இதையெல்லாம் வாசிக்கிறான்.