அஸ்பாரகஸ் பாத்தி மஞ்சளாகிச் சாகிறது: நூற்புழுவா, பூஞ்சையா?

மலர்விழி:
வணக்கம். நியூஜெர்சியில் இருக்கிறேன். முன்பு இந்த வீட்டில் இருந்தவர் வைத்துவிட்டுப் போன அஸ்பாரகஸ் (குருத்தைக் காய்கறியாகச் சாப்பிடும் செடி) பாத்தி, மேரி வாஷிங்டன் ரகம். பதினைந்து வருடமாவது இருக்கும். இரண்டு வருடமாகக் குருத்து பென்சிலை விட மெலிசாக வருகிறது. கோடையில் ஒரே கிழங்கில் ஒரு தண்டு பச்சையாக நிற்கும், பக்கத்துத் தண்டு மஞ்சளாகிக் காயும். ஒன்றைத் தோண்டினேன், வேரெல்லாம் தடித்துக் கிடந்தது. வேரைத் தாக்கும் நுண்புழுவான நூற்புழு உண்டாக்கும் முடிச்சு என்று பயந்துவிட்டேன். எதிர்ப்புள்ள ரகம் வாங்கி அதே பாத்தியில் நடலாமா?

கொல்லைக்காரன்:
அக்கா, தடித்த வேர் நோயில்லை. ஊரில் தண்ணீர்விட்டான் கிழங்கு பார்த்திருப்பீர்களே, அதே குடும்பம்தான். சத்தைச் சேமிக்கிற வேர் அப்படித்தான் இருக்கும். நூற்புழு முடிச்சு என்றால் மெல்லிய வேரில் மணி மணியாக வீங்கும். அஸ்பாரகஸ் வேரில் நூற்புழுவுக்கு ஆகாத அமிலமே உண்டு, அதனால் என் முதல் சந்தேகம் அதன் மேல் இல்லை. கிழங்கை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே என்ன நிறம்?

மலர்விழி:
வெட்டினேன் தம்பி. செம்பழுப்பு. சில வேர்கள் உள்ளே ஒன்றுமில்லாமல் வெறும் தோலாக இருக்கின்றன.

கொல்லைக்காரன்:
அப்படியானால் அநேகமாக வேரை அழுகச் செய்யும் ஃபியூசேரியம் பூஞ்சைதான். உறுதியாகத் தெரிய உங்கள் மாவட்ட வேளாண் விரிவாக்க அலுவலகம் வழியாக ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

ரகத்தை நம்பி மட்டும் இறங்காதீர்கள். இதற்கு முழு எதிர்ப்புள்ள அஸ்பாரகஸ் ரகம் கிடையாது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெர்சி நைட், ஜெர்சி ஜெயன்ட் இரண்டும் நோயைத் தாங்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் ஆண் செடிகள் என்பதால் காய்க்கச் சத்தை இழக்காமல் வேருக்கு அனுப்பும். மேரி வாஷிங்டனைத் துரு நோய்க்காகத்தான் தேர்ந்தெடுத்தார்கள், வேரழுகலுக்காக இல்லை.

அதே பாத்தி வேண்டவே வேண்டாம். பூஞ்சை பல வருடம் மண்ணில் கிடக்கும். பழைய வேர் மட்கும்போது வெளியாகும் பொருளும் புதுச் செடியை முடக்கும். எந்த ரகமும் அங்கே திணறும்.

மலர்விழி:
வேறு இடம் இருக்கிறது, மண் பரிசோதனையில் அமில கார அளவு 5.6 வந்தது. பழைய பாத்தியில் விதை விழுந்து நிறைய குட்டிச் செடி இருக்கிறது, அதை மாற்றி வைக்கலாமா?

வேர்த்தடம்:
குட்டிச் செடியைத் தொடாதீர்கள்மா, மண்ணோடு பூஞ்சையும் போகும். விதையிலும் ஒட்டியிருக்கும். 5.6 இதற்குக் குறைவு. இந்த இலையுதிர் காலத்திலேயே சுண்ணாம்பு போட்டு 6.5 முதல் 7 வரை கொண்டுவாருங்கள், வசந்தத்தில் நடலாம். தண்ணீர் தேங்கக் கூடாது. முதல் வருடம் ஒரு குருத்துகூட வெட்டாதீர்கள். நானும் ஆசைப்பட்டு அதிகம் வெட்டித்தான் ஒரு வரிசையைத் தொலைத்தேன், வேரில் சேமிப்பு தீர்ந்தால் பூஞ்சை ஏறிவிடும். பழைய பாத்தியில் கீரை போடுங்கள். மக்காச்சோளம் மட்டும் வேண்டாம், அஸ்பாரகஸைத் தாக்கும் ஃபியூசேரியம் வகை ஒன்று அதிலும் வளரும்.

மலர்விழி:
சரி, சுண்ணாம்பு இந்த வாரமே வாங்குகிறேன். ஜெர்சி நைட் கிழங்கு இருபத்தைந்து சொல்லி வைக்கப் போகிறேன். ரொம்ப நன்றி தம்பி, நன்றிங்க.

வேர்த்தடம்:
பழைய பாத்தியில் தோண்டிய மண்வெட்டியைக் கழுவாமல் புதுப் பாத்தியில் இறக்காதீர்கள்மா.