ஏஐ வீடியோ பார்த்து ஆங்கிலம் படிக்கிறேன்: சொற்கள் நோட்டில் ஏறுகின்றன, வாயில் வர மறுக்கின்றன

நிலாத்தடம் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏஐ, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். எப்படியும் அந்த வீடியோக்களைத்தான் பார்க்கப் போகிறோம், அதிலேயே ஆங்கிலச் சொற்களையும் பிடித்துவிடலாம் என்று நான்கு மாதமாக தினமும் ஒரு மணி நேரம் யூடியூபில் உட்காருகிறேன். தெரியாத சொல் வந்தால் நிறுத்தி, அகராதி பார்த்து, நோட்டில் பக்கத்திலேயே தமிழ் அர்த்தம் எழுதுகிறேன். 600 சொற்களுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

போன வாரம் ஒரு ஆன்லைன் கூட்டத்தில், "இந்தக் கருவி சில சமயம் இல்லாததை இருப்பதாகச் சொல்கிறது, நம்ப முடியவில்லை" என்று ஒரே ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. வரவில்லை. அக்யூரேட் (துல்லியமான), ரிலையபிள் (நம்பத்தகுந்த), ஹாலூசினேட் (இல்லாததை இருப்பதாகக் காண்பது) எல்லாமே என் நோட்டில் இருக்கிற சொற்கள்தான், வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன், என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. முறை தப்பா, இல்லை ஏஐ என்ற விஷயமே இதற்குச் சரிப்படாதா?

வடக்குவாசல்:

விஷயத்தில் தப்பில்லை, பிடித்ததை வைத்துப் படிப்பதுதான் நீண்ட நாள் ஓடும். சிக்கல் அந்த "பக்கத்திலேயே தமிழ் அர்த்தம்" என்ற இடத்தில் இருக்கிறது.

தமிழில் "போடு" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து போடுகிறோம், சண்டை போடுகிறோம், திட்டம் போடுகிறோம், கணக்கு போடுகிறோம். போடு என்றால் கீழே வைப்பது என்று ஒருவர் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தால் இதில் ஒன்றையாவது அவரால் பேச முடியுமா? நாம் யாரும் அதைத் தனியாகப் படிக்கவில்லை, கூட வரும் சொல்லோடு சேர்த்தே காதில் வாங்கினோம். ஆங்கிலமும் அப்படித்தான். பிரெடிக்‌ஷன் = கணிப்பு என்று எழுதினால் பாதிதான் கிடைக்கிறது, அதற்கு முன்னால் "மேக்" வரும் என்பது மீதிப் பாதி. மேக் எ பிரெடிக்‌ஷன், டிரா எ கன்க்ளூஷன், ரன் எ டெஸ்ட். ஏஐ வீடியோக்களில் நிமிஷத்துக்கு ஒருமுறை வரும் "டிரெய்ன்ட்" (பயிற்சி தரப்பட்ட) என்ற சொல்லைக் கவனியுங்கள், அதன் பின்னால் பெரும்பாலும் ஒரு "ஆன்" ஒட்டிக்கொண்டு வரும்: டிரெய்ன்ட் ஆன் மில்லியன்ஸ் ஆஃப் இமேஜஸ், லட்சக்கணக்கான படங்களைக் கொண்டு பயிற்சி தரப்பட்டது. பேசும்போது நாக்கு தடுக்கி நிற்பது அந்தச் சின்ன "ஆன்" இடத்தில்தான், பெரிய சொல்லில் இல்லை.

அதனால் சொல்லை எழுதாதீர்கள், அது வந்த வாக்கியத்தை எழுதுங்கள். எழுதிய கையோடு வீடியோவை ஐந்து வினாடி பின்னால் தள்ளி, பேசுபவரோடு சேர்ந்து சத்தமாகச் சொல்லுங்கள். வேகம் அதிகமாக இருந்தால் 0.75 வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

தாழம்பூ:

மேலே சொன்னது எல்லாம் சரி. நான் இன்னொன்று சேர்க்கிறேன். இந்தத் துறையில் பாதிச் சொற்கள் வேறு எங்கோ பிறந்து இங்கே குடிவந்தவை. பழைய வீட்டையும் தெரிந்துகொண்டால் மறக்கவே மறக்காது, அன்றாடப் பேச்சிலும் உதவும்.

பிராம்ப்ட் என்பதை எல்லோரும் ஏஐக்குக் கொடுக்கும் கட்டளை என்று மட்டும் நினைக்கிறோம். நாடக மேடையில் நடிகர் வசனத்தை மறந்து நின்றால் திரைக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் மெதுவாக எடுத்துக் கொடுப்பார் இல்லையா, அந்த வேலைக்குப் பெயர் அது. நம்மிடம் "அடி எடுத்துக் கொடுப்பது" என்று இருக்கிறதே, அதேதான். இது புரிந்தபின் "வாட் பிராம்ப்டட் யூ டு லீவ்?" என்று யாராவது கேட்டால் அர்த்தம் தானாக வந்துவிடும்: உங்களைக் கிளம்ப வைத்தது எது?

பயஸ் என்ற சொல்லில் கவனமாக இருங்கள். ஒரு வீடியோவில் அது பாரபட்சம், அடுத்த வீடியோவில் நியூரல் நெட்வொர்க் (மூளை நரம்பு வலையைப் பார்த்து அமைத்த ஏஐ கணக்கு முறை) கணக்கில் கூட்டப்படும் ஓர் எண். இரண்டும் ஒன்றென்று நினைத்து நான் ஒரு முழு மாலை குழம்பியிருக்கிறேன். ஹாலூசினேட் இன்னும் சுவாரசியம், மனிதருக்கு வரும் மாயத்தோற்றத்தைக் குறித்த சொல்லை ஏஐ தப்பாகச் சொல்வதற்கு எடுத்துக்கொண்டார்கள், 2023இல் கேம்பிரிட்ஜ் அகராதி அதையே ஆண்டின் சொல்லாக அறிவித்தது. ஆனால் மனிதர் ஒருவர் தப்பான தகவல் சொன்னால் அதற்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள், எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும்.

கல்மண்டபம்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். முறை மட்டுமில்லை, எந்த வீடியோ என்பதும் முக்கியம்.

அகராதி இல்லாமல் ஒரு பகுதியைச் சிரமமின்றி வாசிக்க 100க்கு சுமார் 98 சொற்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று 2000இல் ஹூ, பால் நேஷன் என்ற மொழி ஆய்வாளர்கள் இருவரும் செய்த ஆய்வு சொல்கிறது. கேட்பதற்கும் இதையே ஒரு அளவுகோலாக வைத்துப் பாருங்கள்: நிமிஷத்துக்கு 150 சொல் பேசுகிறவர் என்றால் தெரியாத சொல் மூன்றுதான் இருக்கலாம். பத்து தடவை நிறுத்த வேண்டியிருந்தால் அந்த வீடியோ இப்போதைக்கு உங்களுக்கு இல்லை, ஒதுக்கிவிட்டு எளிதானதற்குப் போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தத் தலைப்பை முதலில் தமிழில் படித்துவிட்டு ஆங்கில வீடியோவுக்குப் போனால் பாதிப் பாரம் குறையும்.

அப்புறம், புதிய ஏஐ மாடல் வந்த அன்றே வரும் பரபரப்பு வீடியோக்கள் வேண்டாம். "இன்ஸேன்", "கேம் சேஞ்சர்" தவிர அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. பாடம் நடத்துகிற வீடியோ பாருங்கள். ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற மொழி ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது) உண்டு, அக்யூரேட், ஜெனரேட், பிரெடிக்ட், பராமீட்டர் எல்லாம் அதில் இருக்கின்றன. மருத்துவம், பொருளாதாரம் எதைப் படித்தாலும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் அவை. டோக்கனைசர் (எழுத்தைச் சிறு துண்டுகளாக வெட்டும் ஏஐ பகுதி) போன்ற துறைக்குள் மட்டும் புழங்கும் சொற்களுக்கு நோட்டில் இடம் தர வேண்டாம்.

தானியங்கி சப்டைட்டிலையும் அப்படியே நம்பாதீர்கள். பேச்சு வேகமாகும்போது ஒலி ஒத்த வேறு சொல்லைப் போட்டுவிடும்.

நிலாத்தடம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு நாள் வாக்கிய முறையில் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நேற்று ஒரு பாட வீடியோவில் அந்த அம்மா, "இட் டெண்ட்ஸ் டு மேக் திங்ஸ் அப்" (அது இட்டுக்கட்டிச் சொல்லும் போக்கு உடையது) என்றார். மூன்று தடவை பின்னால் தள்ளிக் கேட்டேன். நான் கூட்டத்தில் சொல்ல நினைத்ததும் இதுதான்! அதில் எனக்குத் தெரியாத சொல் டெண்ட் ஒன்றுதான், ஆனால் மேக் அப் என்றால் இட்டுக்கட்டுவது என்றும் வரும் என்பது இத்தனை நாள் தெரியாது. எளிய சொல் என்று நோட்டில் எழுதாமலே விட்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். பழைய 600 சொற்களை என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வரவில்லை.

வடக்குவாசல்:

தூக்கிப் போடாதீர்கள், உட்கார்ந்து மனப்பாடமும் செய்யாதீர்கள். வீடியோ பார்க்கும்போது அந்தச் சொல் மறுபடி காதில் விழுந்தால் அதன் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். மூன்று கோடு விழுந்த சொல்லுக்கு மட்டும் வாக்கியம் எழுதுங்கள். ஆறு மாதத்தில் ஒரு கோடுகூட விழாதது உங்களுக்கு இப்போது வேண்டாத சொல்.

அடுத்த கூட்டத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இங்கே வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.