கைதட்டல் வருகிறது, நம்பிக்கை வரவில்லை: பேச்சில் எங்கே கோளாறு?

கேள்வி: உரைக்காரன்
முதல்முறையாகத் தேர்தலில் நிற்கும் ஒருவருக்கு மேடைப்பேச்சு எழுதித் தருகிறேன். நல்ல குரல், அடுக்குமொழி அருவியாகக் கொட்டும், கூட்டமும் விசிலடிக்கிறது. ஆனால் கலைந்து போகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் "நல்லாப் பேசுறாரு" என்பதோடு சரி. "இவர் செய்வாரு" என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. பேச்சாலேயே நம்பிக்கையை வாங்க முடியுமா, இல்லை பதவிக்கு வந்து செய்து காட்டினால்தான் உண்டா?

பதில்: மேடைப்பிரியை
முதலில் தாளைக் கீழே வைக்கச் சொல்லுங்க. குனிஞ்சு படிக்கிறவரை யாரு நம்புவா? கூட்டத்தைப் பார்த்துப் பேசணும், நிறுத்தி நிதானமா.

பதில்: பழைய பென்சில்
தாள்மேல் பழி போடாதீர்கள் அம்மா. பத்திரிகையில் சுருக்கெழுத்து நிருபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "ஏழை எளிய மக்களின்" என்று ஒருவர் ஆரம்பித்தாலே மீதி வாக்கியத்தை அவருக்கு முன்னால் நான் எழுதி முடித்துவிட்டு, டீ வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பென்சில் விழுந்தடித்து ஓடுவதெல்லாம் ஒரு தேதியோ, ஒரு தொகையோ, "இது என்னால் முடியாது" என்ற சொல்லோ வரும்போதுதான். அந்த நேரத்தில் கூட்டத்திலும் சலசலப்பு அடங்கும்.

இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1933 மார்ச், அமெரிக்காவில் வங்கிகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன. அவர் பதவியேற்று ஒரு வாரம்தான் ஆகிறது. 12ஆம் தேதி ஞாயிறு இரவு வானொலியில் பேசினார், அதுவும் எழுதி வைத்துப் படித்ததுதான். வீராவேசம் எதுவும் கிடையாது. நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் கடன் பத்திரங்களாகவும் வெளியே போட்டிருக்கிறது, எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் எந்த வங்கியாலும் தர முடியாது என்று பாடம் நடத்துவதுபோல் விளக்கினார். எந்த ஊர் வங்கிகள் திங்கள் திறக்கும், எவை செவ்வாய், எவை அதற்குப் பிறகு என்றும் சொன்னார். கூடவே, எல்லா வங்கியும் திறக்கும் என்றோ யாருக்குமே நஷ்டம் வராது என்றோ வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். மெத்தைக்கு அடியில் வைப்பதைவிடத் திறந்த வங்கியில் பணம் பத்திரமாக இருக்கும் என்றார்.

திங்கட்கிழமை வங்கிகள் திறந்தன. எடுத்துப்போன பணத்தைத் திரும்பப் போடத்தான் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். "யாருக்கும் ஒரு காசு போகாது" என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தால், எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பேசுகிறவரின் பழைய பெயரால் அல்ல, பேச்சாலேயே நம்பிக்கை உண்டாக வேண்டும் என்று அரிஸ்டாட்டிலே சொல்லியிருக்கிறார். ஆகவே உங்கள் ஆள் பதவிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பதில்: எதிர்வாதி
ஐயா, திட்டவட்டமாகப் பேசி மாட்டிக்கொண்டவரும் உண்டே. 1988 கட்சி மாநாட்டில் "என் உதட்டைப் பாருங்கள், புது வரி கிடையாது" என்று முழங்கினார் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மூத்த புஷ். ஜெயித்தார். 1990இல் வரியை ஏற்ற ஒப்புக்கொண்டார், 1992இல் தோற்றார். வழவழவென்று பேசியிருந்தால் தப்பித்திருப்பார்.

பதில்: பழைய பென்சில்
சரியான இடத்தில் பிடித்தீர்கள். அவர் தோற்றதற்குப் பொருளாதாரம், மூன்றாவது வேட்பாளர் என்று வேறு காரணங்களும் சொல்வார்கள். அந்த வாக்குறுதி காலைச் சுற்றிய பாம்பானது என்னவோ உண்மை. ஆனால் ரூஸ்வெல்ட் பேசுவதற்கு மூன்று நாள் முன்பே, வங்கிகளைத் திரும்பத் திறக்க வழிசெய்யும் சட்டம் நிறைவேறிவிட்டது. கைக்குள் இருந்ததைத்தான் சொன்னார். புஷ் சொன்னது வரப்போகும் நான்கு வருடத்தைப் பற்றி. அதுவும் எதிர்க்கட்சியின் கையில் இருந்த நாடாளுமன்றத்தை வைத்துக்கொண்டு.

கேள்வி: உரைக்காரன்
எங்கள் ஆள் கையில் இன்னும் ஒன்றுமே இல்லையே ஐயா!

பதில்: பழைய பென்சில்
1968 ஏப்ரல் 4 இரவு ராபர்ட் கென்னடியும் வேட்பாளர்தான். இண்டியானாபோலிஸில் கருப்பின மக்கள் பெரும்பாலாக இருந்த கூட்டம், பலருக்கு மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு இறந்த செய்தியே எட்டவில்லை. லாரி மேடையில் ஏறியவர், தன் பெயர் எழுதிய அட்டைகளை முதலில் இறக்கச் சொன்னார். செய்தியைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். என் வீட்டிலும் ஒருவரைக் கொன்றார்கள், கொன்றவர் ஒரு வெள்ளையர் என்றார். அதிபராக இருந்த அண்ணன் ஜான் கென்னடியின் கொலையைப் பற்றி வெளியில் பேசாத மனிதர் அவர். ஓட்டு என்ற பேச்சே இல்லை. அன்றிரவு பல நகரங்கள் பற்றி எரிந்தன, அந்த ஊர் அமைதியாக இருந்தது. அந்தப் பேச்சு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன்.

உங்கள் ஆளுக்கு அப்படி ஒரு ராத்திரி வரவே வேண்டாம். பத்து வாக்குறுதியில் ஒன்பதை வெட்டுங்கள். மிஞ்சிய ஒன்றுக்கு எவ்வளவு செலவாகும், பணம் எங்கிருந்து வரும், யாருக்கு அது கிடைக்காது என்று மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவதைச் சொல்லும்போது விசில் நின்றுவிடும். பயந்துபோய் அடுக்குமொழிக்குத் தாவிவிடப் போகிறார், கவனம். அடுத்த கூட்டத்துக்கு எழுதியதை இங்கே போடுங்கள், என் பென்சில் தூங்கும் இடங்களை அடித்துத் தருகிறேன்.