பேக்கரி மாஸ்டர் கொடுத்த ஈஸ்ட் கட்டி

கும்பகோணம் பக்கம் வீட்டில் ரொட்டி சுடப் பழகுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, ரொட்டி மாவைப் பொங்கவைக்கிற ஃப்ரெஷ் ஈஸ்ட் (ஈரப்பதத்தோடு கட்டியாக வருவது) எங்கே கிடைக்கும் என்றுதான். எனக்குத் தெரிந்த பதில் இது: கடை அலமாரியில் தேட வேண்டாம், அங்கே இருக்காது. சொந்தமாக ரொட்டி போடுகிற பேக்கரியில் இருக்கும். அதையும் கல்லாவில் இருப்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். உள்ளே மாவு பிசைகிற மாஸ்டரிடம் கேட்க வேண்டும்.

கடைத்தெருவில் நான் ஏறி இறங்காத மளிகைக் கடை இல்லை. ஈஸ்ட் என்றதும் ஒருவர் பேக்கிங் பவுடரை எடுத்து வைத்தார், இன்னொருவர் ஆப்ப சோடா டப்பாவை நீட்டினார். கொஞ்சம் பெரிய கடைகளில் ட்ரை ஈஸ்ட், அதாவது காயவைத்த ஈஸ்ட் பாக்கெட் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஃப்ரெஷ் ஈஸ்ட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். உள்ளே இருப்பது உயிரோடு இருக்கும் நுண்ணுயிர். 4 டிகிரிக்குக் கீழே வைத்தாலும் மூன்று நான்கு வாரம்தான் தாங்கும். சித்திரை வெயிலில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், மாதத்துக்கு ஒருவர் கேட்கும் பொருளை எந்தக் கடைக்காரர் வாங்கி வைப்பார்? பேக்கரியில் தினமும் செலவாகிறது, அதனால் அங்கே மட்டும் வருகிறது.

நான் முதலில் போன பேக்கரியில் கல்லாவில் இருந்தவர், "அதெல்லாம் வெளியில கொடுக்கறதில்லம்மா" என்று முடித்துவிட்டார். மாலை ஐந்து மணி, பப்ஸுக்கும் டீக்கும் கூட்டம் நெரிகிற நேரம். அந்த நேரத்தில் போய் நின்றால் யாருக்குமே பொறுமை இருக்காது. அப்புறம் மயிலாடுதுறையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது மதியம் சாப்பாடு முடிந்த நேரத்தில் ஒரு பேக்கரிக்குப் போனேன். கடை காலியாக இருந்தது. மாஸ்டர் பின்கட்டில் தட்டுகளுக்கு டால்டா தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வீட்டுல ரொட்டி போடறேன். கொஞ்சம் ஈஸ்ட் கிடைக்குமா?"

"எவ்ளோ மாவுக்கு?"

அவர் முதலில் கேட்டது விலையோ பேரோ இல்லை, மாவின் அளவு. ஒரு கிலோ மைதா என்றேன். ஃப்ரிட்ஜிலிருந்து மெழுகுத்தாள் சுற்றிய அரைக் கிலோ கட்டியை எடுத்து, கத்தியால் ஒரு துண்டு வெட்டி, தராசில் போட்டு 20 கிராம் காட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார். வற்புறுத்தி ஒரு பாக்கெட் ரஸ்க் வாங்கிக்கொண்டு வந்தேன். கும்பகோணத்திலும் இப்போது எனக்கு ஒரு மாஸ்டர் உண்டு. இவர் காசு வாங்கிக்கொள்வார், எனக்கும் அதுதான் நிம்மதி. அவர் வாங்கும் பொருளை நமக்காகப் பிரித்துத் தருகிறார், சும்மா கேட்டுக்கொண்டே இருப்பது சரியில்லை.

அந்த மயிலாடுதுறை அண்ணன் ஐந்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்தது இன்றுவரை உதவுகிறது. நல்ல ஈஸ்ட் வெளிர் சந்தன நிறத்தில் ஒரே சீராக இருக்கும். விரலால் அழுத்தினால் பனீர் கட்டி மாதிரி பொலபொலவென்று உதிர வேண்டும். பழுப்பு ஓரம், பிசுபிசுப்பு, மூக்கைச் சுளிக்கவைக்கும் நாற்றம் இருந்தால் வாங்கவே கூடாது. லேசாகப் புளித்த மணம் இருந்தால் பரவாயில்லை. சந்தேகமாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு கரைத்து வைத்தால், பத்து நிமிஷத்தில் நுரை பொங்கி வரும். வராவிட்டால் அந்த ஈஸ்ட் போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டைத் தாண்டக் கூடாது. 55, 60 டிகிரிக்குப் போனால் ஈஸ்ட் செத்துவிடும். உப்பை நேராக ஈஸ்ட் மேல் கொட்டக் கூடாது என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார். உப்பு பட்டால் அது நீர் விட்டு இளகிவிடும். மாவோடு உப்பைக் கலந்துவிட்டு, ஈஸ்ட்டைத் தண்ணீரில் தனியே கரைத்து ஊற்றினால் தொல்லை இல்லை.

செய்முறைகளில் ட்ரை ஈஸ்ட் அளவு போட்டிருந்தால் மாற்றிக்கொள்வது சுலபம். 10 கிராம் ஃப்ரெஷ் ஈஸ்ட்டுக்குப் பதில் சுமார் 4 கிராம் ஆக்டிவ் ட்ரை ஈஸ்ட் (தண்ணீரில் கரைத்துப் போடுகிற வகை), இல்லாவிட்டால் 3 கிராம் சொச்சம் இன்ஸ்டன்ட் (நேராக மாவில் கலக்கிற வகை).

நம் ஊர் சூடுதான் இதில் பெரிய விஷயம். வெளிநாட்டுச் செய்முறைகளில் மாவு பொங்க ஒன்றரை மணி நேரம் என்று இருக்கும். மே மாதம் என் சமையலறையில் பாதி நேரத்துக்குள் பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறது. அவசரமாகப் பொங்கிய மாவில் சுட்ட ரொட்டிக்கு ஒரு வாடை வரும், மறுநாளே உதிரும். அதனால் கோடையில் ஒரு கிலோவுக்கு 10 கிராம்தான் போடுகிறேன், மாவைப் பானைத் தண்ணீரில் பிசைகிறேன். இன்னும் சூடாக இருந்தால் ஐஸ் தண்ணீர். மார்கழியில் 20 கிராம் சரியாக இருக்கிறது. இந்த அளவைப் பிடித்த பிறகுதான் என் ரொட்டி உள்ளே பஞ்சாக வர ஆரம்பித்தது. அந்த நாளை நினைத்தால் இன்னும் சந்தோஷமாக இருக்கிறது.

இணையத்தில் வரவழைத்துப் பார்த்த அனுபவமும் உண்டு. தெர்மக்கோல் பெட்டி, ஜெல் ஐஸ் எல்லாம் வைத்துத்தான் அனுப்பினார்கள். வந்து சேர்ந்தது அக்னி நட்சத்திரத்தில். பெட்டியைத் திறந்தபோதே நாற்றம் அடித்தது, கட்டி சேறாக இருந்தது. பணம் திரும்பக் கிடைத்தது, ஆனால் அன்று ரொட்டி இல்லை. டெல்டாவுக்கு இதைக் கூரியரில் வரவழைப்பதாக இருந்தால் தை மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன்.

இட்லி மாவைச் சேர்த்தால் போதாதா என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான், நானும் செய்து பார்த்தேன். இட்லி மாவைப் பொங்கவைப்பது பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியா, அதில் ஈஸ்ட்டின் பங்கு குறைவு. ரொட்டி புளிப்பாக, கனமாக வந்தது. தோசைக்கல்லில் வாட்டிச் சாப்பிட நன்றாக இருந்தாலும் அது பேக்கரி ரொட்டி ஆகாது. மயிலாடுதுறை மாஸ்டரின் அப்பா காலத்தில் கள் ஊற்றித்தான் ரொட்டி மாவு பொங்கவைப்பார்களாம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. எல்லை தாண்டிக் காரைக்காலுக்குப் போனால் கள்ளுக்கடை உண்டு, அங்கே யாராவது இன்னும் கள்ளில் ரொட்டி போடுகிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றும் தெரிந்தபோது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆலைகளில் ஈஸ்ட்டை வளர்ப்பதே சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகில்தானாம். கரும்பு விளையும் ஊரில் இருந்துகொண்டு ஈஸ்ட்டுக்கு அலைகிறோம்.

2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு ரொட்டி சுட ஆரம்பித்தபோது ட்ரை ஈஸ்ட்டும் கடைகளில் காணாமல் போனது. அப்போது மன்னார்குடியில் இருக்கும் என் தோழி செய்த ஏற்பாட்டை நானும் பிடித்துக்கொண்டேன். பேக்கரி சாமான் மொத்தமாக விற்கும் கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து, சரக்கு இறங்கும் நாளில் முழு அரைக் கிலோ கட்டியாக வாங்கி, ரொட்டி சுடும் நாலைந்து வீடுகள் பிரித்துக்கொள்வது. ஒரு வீடு தனியாக வாங்கினால் பாதிக்கு மேல் வீணாகும். பஸ்ஸில் எடுத்துப்போக எவர்சில்வர் டப்பாவில் வைத்து, அதைச் சுற்றி ஐஸ் பாக்கெட் போட்டு, ஈரத்துணி சுற்றினால் மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் வரை தாராளமாகத் தாங்குகிறது.

மிச்சத்தை 20 கிராம் துண்டுகளாக வெட்டி, காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரீசரில் வைக்கிறேன். உறைந்து இளகினால் தண்ணியாகிவிடும், வேகமும் கொஞ்சம் குறையும். அதனால் எடுத்த உடனே பயன்படுத்திவிட வேண்டும், அளவையும் சற்றுக் கூட்டிப் போட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. அவசரத்துக்கு ஒரு ட்ரை ஈஸ்ட் பாக்கெட் எப்போதும் வீட்டில் இருக்கும். வெறும் ரொட்டிக்கு அதுவே போதும், ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது. பால், சர்க்கரை, வெண்ணெய் தாராளமாகப் போடும் பன்னுக்குத்தான் எனக்குக் கட்டி ஈஸ்ட் வேண்டும். அதில் மாவு எழும்புகிற விதமே வேறு.

வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். அங்கே எனக்குத் தெரிந்த மாஸ்டர் யாரும் இல்லை. அந்தப் பக்கம் வாங்கியவர்கள் எந்த நேரத்தில் போனீர்கள், எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள், அவளுக்குச் சொல்கிறேன்.